ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கும் ஆட்டத்தில் ஓர் இடம்

(மூத்தோருக்கான சுகாதாரப் பேச்சு ஒன்றின் எழுத்து வடிவம்)



மூத்தோருக்கான சுகாதாரப் பேச்சு என்றதும் இரத்த அழுத்தம், நீரிழிவு, முழங்கால் வலி என்றுதான் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று உங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசப்போகிறேன். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகளில், பள்ளி விட்ட நேரம் முதல் மாலை வரை பிள்ளைகள் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். அந்தச் சில மணி நேரம் அவர்கள் ஓடியாடுவதா, கைத்தொலைபேசியோடு நாற்காலியில் அமர்ந்திருப்பதா என்பது பெரும்பாலும் உங்கள் சொல்லைப் பொறுத்தே அமைகிறது.

எல்லாப் பிள்ளைகளும் ஓடியாட வேண்டும் என்றால் நாம் அனைவரும் தலையாட்டுவோம். ஆனால் அந்த "எல்லாப் பிள்ளைகளும்" என்பதில் யார் யார் அடக்கம்? உடல் சற்றுப் பருமனான பேரன் அடக்கமா? ஆஸ்துமா உள்ள பேத்தி? ஆட்டிசம் உள்ள பிள்ளை? சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையன்? பூப்பெய்திய பெண்பிள்ளை? அனைவரும் அடக்கம் என்பதே பதில். அதை எப்படிச் செய்வது, அதில் உங்கள் பங்கு என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒப்புக்குச் சப்பாணி

நம் பழைய விளையாட்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய பிள்ளைகள் ஆடும்போது சின்னஞ்சிறு தம்பியோ தங்கையோ "நானும் வருவேன்" என்று அழும். விரட்டினால் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடும். அதனால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அது அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. அதற்குப் பெயர் "ஒப்புக்குச் சப்பாணி". உங்களில் பலர் அப்படி நின்றிருப்பீர்கள், அல்லது யாரையாவது அப்படி நிறுத்தியிருப்பீர்கள்.

சப்பாணி என்ற சொல்லே நடக்க முடியாதவரைக் குறிப்பது. இன்று யாரையும் அப்படி அழைப்பதில்லை, அழைக்கவும் கூடாது. ஆனால் அந்த வழக்கம் மட்டும் வேறு உருவில் இன்னும் இருக்கிறது. பருமனான பையனிடம் "நீ புள்ளி எழுது" என்கிறார்கள். ஆஸ்துமா உள்ள பெண்ணிடம் "நீ எல்லாருடைய தண்ணீர்ப் போத்தலையும் பார்த்துக்கொள்" என்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பையனிடம் "நீ கைதட்டி உற்சாகப்படுத்து" என்கிறார்கள். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை திடலில் இருந்தும் ஆட்டத்தில் இல்லை.

இதில் ஒரு சுழற்சி இருக்கிறது. ஆடாத பிள்ளைக்குப் பந்தைப் பிடிக்கவும் எறியவும் பழக்கம் வராது. பழக்கம் வராத பிள்ளையை யாரும் தங்கள் குழுவில் சேர்க்க மாட்டார்கள். சேர்க்காததால் மேலும் பழக்கம் குறையும். சில ஆண்டுகளில் பிள்ளையே "எனக்கு விளையாட்டுப் பிடிக்காது" என்று சொல்லத் தொடங்கிவிடும். உண்மையில் பிடிக்காமல் போனது விளையாட்டு அல்ல, ஓரத்தில் நிற்பதுதான்.

ஒரு நாளுக்கு 60 நிமிடம்

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் ஓட்டம், குதித்தல், ஏறுதல் போன்றவையும் வேண்டும். உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடத்தைத்தான் அந்த வழிகாட்டி பரிந்துரைக்கிறது. முடிந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கு நடந்து போவது பத்து நிமிடம், இடைவேளையில் ஓடிப்பிடித்து ஆடுவது பத்து நிமிடம், மாலையில் கீழே இறங்கி விளையாடுவது நாற்பது நிமிடம் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இதனால் கிடைக்கும் நன்மை உங்களுக்கே நன்றாகப் புரியும். தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகிறது. சிங்கப்பூரில் நம் இந்தியச் சமூகத்தினரிடையே நீரிழிவு அதிகமாகக் காணப்படுவதை நீங்கள் அறிவீர்கள். நம்மில் பலர் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறோம். அந்த நிலை பேரப்பிள்ளைகளுக்கு வராமல் தடுக்கும் பழக்கம் பள்ளி வயதிலேயே தொடங்குகிறது.

எலும்பும் அப்படித்தான். பிள்ளைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் எலும்பு வலுவைச் சேமித்துக்கொள்கிறது. மூத்த வயதில் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவு செய்கிறோம். எலும்பு தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

கண்ணையும் மறக்கக்கூடாது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை மிக அதிகம். நாளுக்கு இரண்டு மணி நேரமாவது வீட்டுக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட உதவுகிறது.

தனியே பிரித்தால் என்ன ஆகும்?

பருமனான பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூர் அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1992ஆம் ஆண்டு பள்ளிகளில் "டிரிம் அண்ட் ஃபிட்" என்ற திட்டம் தொடங்கியது. எடை கூடிய மாணவர்கள் தனியாக அழைக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தார்கள். பல பள்ளிகளில் அது இடைவேளை நேரத்திலேயே நடந்தது. உங்கள் பிள்ளைகள் அந்தக் காலத்தில் படித்திருந்தால் உங்களுக்கும் நினைவிருக்கும்.

பருமனான மாணவர்களின் விகிதம் குறைந்தது உண்மைதான். ஆனால் நண்பர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு சிலர் மட்டும் திடலைச் சுற்றி ஓடினால் மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அந்தத் திட்டத்தின் மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் "குண்டு" என்ற பொருள் வரும் என்று சொல்லிக் கேலி செய்தார்கள். 2007ஆம் ஆண்டு அத்திட்டம் நிறுத்தப்பட்டு, எடை எவ்வளவு என்று பாராமல் எல்லா மாணவர்களின் உடல்நலம், மனநலம் இரண்டையும் கவனிக்கும் அணுகுமுறை வந்தது.

வீட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. "குண்டா, போய் ஓடு" என்று பேரனை மட்டும் விரட்டினால் அவன் ஓட்டத்தைத் தண்டனையாகத்தான் நினைப்பான். "வாங்க எல்லாரும், கீழே போவோம்" என்று அண்ணன், தம்பி, தாத்தா எல்லாரும் கிளம்பினால் அது விளையாட்டு. எடையைப் பற்றிப் பேசாமலே உடல்நலத்தை வளர்க்க முடியும்.

விதியை மாற்றினால் இடம் கிடைக்கும்

ஒரு பிள்ளையால் ஆட முடியவில்லை என்றால் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டாம். ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். மாற்றக்கூடியவை நான்கு: இடம், விதி, பொருள், ஆள். திடலைச் சிறிதாக்கலாம். பந்து இரண்டு முறை குதிக்க அனுமதிக்கலாம். சிறிய பந்துக்குப் பதில் பெரிய, மெதுவான பந்தைக் கொடுக்கலாம். பதினொரு பேருக்குப் பதில் மும்மூன்று பேராக ஆடலாம்.

இது இரக்கப்பட்டுச் செய்யும் சலுகை அல்ல. உலக அளவிலான விளையாட்டுகளே இப்படித்தான் அமைந்திருக்கின்றன. சக்கர நாற்காலி டென்னிசில் பந்து இரண்டு முறை குதிக்கலாம். கோல்பால் என்ற ஆட்டத்தில் பந்துக்குள் மணி இருக்கும். ஆடுபவர் அனைவரும் கண்ணை மறைத்துக்கொள்வார்கள். ஒலியைக் கேட்டுத்தான் பந்தைத் தடுக்க வேண்டும் என்பதால் பார்வையாளர்கள் ஆட்டம் நடக்கும்போது பேசக்கூடாது. நம் கண்ணாமூச்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

போச்சியா என்ற ஆட்டத்தை உட்கார்ந்தபடியே ஆடலாம். வெள்ளைப் பந்து ஒன்றை முதலில் உருட்டுவார்கள். சிவப்புப் பந்து ஆறு ஒரு பக்கம், நீலப் பந்து ஆறு மறுபக்கம். யாருடைய பந்து வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. கையால் எறிய முடியாதவர்கள் சரிவுப் பலகை வழியாகப் பந்தை உருட்டலாம். 2024ஆம் ஆண்டு பாரிஸ் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் ஜெரலின் டான் இந்த ஆட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். முழங்கால் வலி உள்ள தாத்தாவும் எட்டு வயதுப் பேத்தியும் சரிசமமாக ஆடக்கூடிய ஆட்டம் இது. பந்து இல்லாவிட்டால் பழைய காலுறைகளைச் சுருட்டி வரவேற்பறையிலேயே ஆடலாம்.

நீச்சல் வீராங்கனை யிப் பின் சியுவை நீங்கள் அறிவீர்கள். நரம்புகளைப் பாதித்துத் தசைகளைப் பலவீனமாக்கும் நோய் அவருக்கு உண்டு. ஐந்து வயதில் நீந்தத் தொடங்கினார். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் சிங்கப்பூருக்கு முதல் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் வரை அவர் வென்ற தங்கங்கள் ஏழு. எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப்போவதில்லை, வெல்ல வேண்டியதுமில்லை. ஆனால் ஐந்து வயதில் யாரோ ஒருவர் "தண்ணீரில் இறங்கு" என்று சொன்னதால்தானே அந்தப் பயணம் தொடங்கியது?

நம் வாயில் வரும் "வேண்டாம்"

"கண்ணு, ஓடாதடா, விழுந்திடுவே!" இதைச் சொல்லாத பாட்டி உண்டா? அக்கறையினால் வரும் சொல்தான். ஆனாலும் நாம் அடிக்கடி சொல்லும் சில "வேண்டாம்"களைச் சற்றுப் பார்ப்போம்.

முதலாவது, "ஆஸ்துமா இருக்கு, விளையாட வேண்டாம்." ஆஸ்துமா நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்தால் பிள்ளை மற்றவர்களைப் போலவே விளையாடலாம். மருத்துவர் கொடுத்த தடுப்பு மருந்தைத் தவறாமல் எடுக்க வேண்டும். உடனடி நிவாரணம் தரும் மருந்துக் குப்பியைக் கையோடு வைத்திருக்க வேண்டும். ஆடுவதற்கு முன் பத்து நிமிடம் மெல்ல உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

இரண்டாவது, "மழையில் நனைஞ்சா சளி, நீந்தினாலும் சளி." சளியைக் கொண்டு வருவது கிருமி, தண்ணீர் அல்ல. நீந்தி முடித்ததும் துடைத்து உடை மாற்றினால் போதும். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழும் பிள்ளைக்கு நீச்சல் உயிர்காக்கும் திறன். இதற்காகவே 2010ஆம் ஆண்டு முதல் "சுவிம்சேஃபர்" திட்டம் நடைபெறுகிறது.

மூன்றாவது, பெண்பிள்ளைகளிடம் சொல்வது: "வெயில்ல கறுத்துப் போயிடுவே. வயசுக்கு வந்த பொண்ணு, இனி என்ன ஓட்டம்?" பாட்டிமார்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல பெண்பிள்ளைகள் விளையாட்டை விடுவது சரியாக அந்த வயதில்தான். எலும்பு வலுவைச் சேமிக்கும் வயதும் அதுவே. மாதவிடாய் நாள்களிலும் பிள்ளைக்கு உடல் ஒத்துழைத்தால் விளையாடலாம். மெல்லிய உடற்பயிற்சி சிலருக்கு வயிற்று வலியைக் குறைக்கவும் செய்யும். உடை பற்றிக் கூச்சம் இருந்தால், நீளமான, தளர்வான விளையாட்டு உடை வாங்கிக் கொடுங்கள்.

1973ஆம் ஆண்டு காலாங்கில் புதிய தேசிய விளையாட்டரங்கம் திறந்த அதே ஆண்டு, தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற குளோரி பர்னபாஸ் உங்களுக்கு நினைவிருக்கும். அவர் ஓர் ஆசிரியை. ஐம்பது ஆண்டு கழித்து, 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே 200 மீட்டரில் சாந்தி பெரேரா தங்கம் வென்றார். அவர்களைக் கண்டு நாம் பெருமைப்பட்டோம். நம் வீட்டுப் பேத்தி கீழே போய் ஓடுவதற்கும் அதே மனத்தோடு அனுமதி கொடுப்போம்.

நான்காவது, "பரீட்சை வருது, விளையாட்டெல்லாம் அப்புறம்." துணைப்பாட வகுப்புக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நடுவில் அரைமணி நேரம் ஓடிவிட்டு வந்த பிள்ளை, படிப்பில் கவனம் செலுத்தத் தெம்போடு உட்காரும். இரவு நன்றாகத் தூங்கும்.

மருத்துவரிடமும் பள்ளியிடமும் கேட்க வேண்டியது

பேரப்பிள்ளையை மருந்தகத்துக்கு அழைத்துப் போகும்போது "உடற்கல்விக்கு விலக்குக் கடிதம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "டாக்டர், இவனால் என்னென்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள். ஓடக்கூடாது என்பதற்கு எறியக்கூடாது, நீந்தக்கூடாது என்று பொருள் அல்ல. எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும் என்ற மூன்றையும் எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுத்தால், ஆசிரியர் அதற்கேற்ப ஆட்டத்தை அமைக்க முடியும்.

இதயக் கோளாறு, வலிப்பு, கழுத்தெலும்புப் பலவீனம் போன்றவை உள்ள பிள்ளைகளும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் புதிய விளையாட்டைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கூச்சலும் கூட்டமும் தொல்லை தரும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் பதறுவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "முதலில் நடப்போம், பிறகு ஊஞ்சல், பிறகு வீடு." ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

2019ஆம் ஆண்டு முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவைகள் அதிகமுள்ள பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. லெங்கோக் பாருவில் உள்ள "எனேபலிங் வில்லேஜ்" வளாகத்தில், உடற்குறை உள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றம் 1973ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. உங்கள் வட்டாரத்தில் என்ன வசதி உண்டு என்று சமூக மன்றத்தில் விசாரியுங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், உங்கள் புளோக்கில் இருக்கலாம். மாலையில் கீழே இறங்கும்போது அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவையும் தட்டி, "நாங்க விளையாடப் போறோம், தம்பியும் வரட்டுமே" என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வாரமே தொடங்கலாம்

பள்ளியிலிருந்து வரும்போது பேரனின் பையை நீங்களோ பணிப்பெண்ணோ சுமக்க வேண்டாம். பை அளவோடு இருந்தால் அவனே சுமக்கட்டும். ஒரு பேருந்து நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்து வாருங்கள். மின்தூக்கியை இரண்டு மாடி முன்னதாக நிறுத்திப் படியேறச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த விளையாட்டுகளைக் கற்றுக்கொடுங்கள். கம்பங்களிலும் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்புகளிலும் வளர்ந்தவர்கள் சாப்தே, ரப்பர் வளையக் கயிறு தாண்டுதல், நொண்டி, கபடி எல்லாம் ஆடியிருப்பீர்கள். அவற்றுக்குக் காசும் வேண்டாம், பெரிய திடலும் வேண்டாம். ஐந்து கல் ஆட்டத்தை உட்கார்ந்தே ஆடலாம். விரலுக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி. நொண்டி அடிக்க முடியாத பிள்ளை இரண்டு காலாலும் தாண்டட்டும், அல்லது சக்கர நாற்காலியில் கட்டங்களைக் கடக்கட்டும். ஆனால் ஒன்று: அந்தப் பிள்ளை பெறும் புள்ளியும் கணக்கில் சேர வேண்டும். தோற்றால் தோல்வி, ஜெயித்தால் வெற்றி. இனி யாரும் ஒப்புக்குச் சப்பாணி இல்லை.

குழுப் பிரிக்கும்போது பெயர் சொல்லி ஒவ்வொருவராக எடுக்க விடாதீர்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிப் பிரித்தால் கடைசியாக யாரும் நிற்க மாட்டார்கள்.

பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். உச்சிவெயில் நேரத்தைத் தவிருங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் கொடுங்கள்; இனிப்புப் பானம் வேண்டாம். புகைமூட்டம் உள்ள நாளில் வீட்டுக்குள்ளேயே ஆடலாம். காய்ச்சல் இருந்தால் ஓய்வு. நெஞ்சு வலி, மயக்கம், அல்லது மருந்து எடுத்தும் தீராத மூச்சுத்திணறல் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி உடனே 995 எண்ணை அழையுங்கள்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு செய்தி. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று அதே உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டி சொல்கிறது. பேரப்பிள்ளைகளை விளையாட அழைத்துப் போகும்போது நீங்கள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஓட வேண்டாம், பந்தை உருட்டுங்கள், கயிற்றின் ஒரு முனையைப் பிடியுங்கள், அவர்களோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். தாத்தா பாட்டிக்கும் ஆட்டத்தில் ஓர் இடம் உண்டு என்று பார்த்து வளரும் பிள்ளை, யாரையும் ஓரத்தில் நிறுத்தாது.